ஐவர் முன்னிலையில் மூன்று நிமிட மௌனம்

என்னை எல்லாரும் டமால் என்றுதான் கூப்பிடுவார்கள். நாடகங்களில் திரைக்குப் பின்னால் நின்று சத்தம் போடுவது என் தொழில். மேடையில் கதாநாயகன் கையை ஓங்குவான்; அறை என் தொடையில் விழும். இருபது வருஷமாக இந்த ஊர் வில்லன்கள் வாங்கிய அறையெல்லாம் உண்மையில் நான் வாங்கியதுதான். அதனால் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்கு ரோஷம் வராது. அதையே படிவத்தில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடச் சொன்னால்தான் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

சிறுவர் ஒலிநூல் வாரியத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

நானாக அங்கே போகவில்லை. மனைவி இழுத்துவிட்டாள். அவள் முதல் வகுப்பு டீச்சர். அவள் வகுப்பறையில் கரும்பலகைக்கு மேலே ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாரியம் மாட்டியது. அதன் வழியாகப் பிள்ளைகள் கதை கேட்பார்கள் என்று ஏற்பாடு. மாட்டியதோடு சரி, பெட்டி அதுவரை வாய் திறக்கவில்லை. உள்ளே ஒரு குருவி கூடு கட்டிவிட்டது. குருவிக்காகத்தான் அரசாங்கம் அதை மாட்டியது என்று பிள்ளைகள் நம்பினார்கள். பெரியவர்களிடமும் இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அந்த வருஷம் மனைவியின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன் என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். அப்புறம் கேட்டாள்.

"ரெண்டு மாசம் லீவு போடணும். பசங்ககிட்ட என்ன சொல்றது?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லு."

"அது பெரியவங்களுக்குச் சொல்றது. நான் வேற சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"நான் வராத நாள்ல அந்தப் பெட்டி வழியா வந்து கதை சொல்வேன்னு சொல்லிட்டேன்."

வாரியத்துக்கு ஏற்கெனவே விண்ணப்பமும் போட்டிருந்தாள். கதை அவளுடையது, பெயர் 'தூக்கம் வராத கரடி'. குரலும் அவளுடையது. இசைக்கு அவள் தம்பி, சத்தத்துக்கு நான். குடும்பத்தில் மிச்சம் இருந்தது ஆறு வயது மகள் மட்டும். அவளும் தாயின் வகுப்பில்தான் படிக்கிறாள். வீட்டில் "அம்மா, வா, போ." பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் "டீச்சர், வாங்க, போங்க."

விண்ணப்பத்துக்கு ஒரே வாரத்தில் பதில் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வாரியத்தின் வாசலில் 'குழந்தையின் காது நாட்டின் கதவு' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'சத்தம் போடாதீர்' என்று அதைவிடப் பெரிய எழுத்தில். உள்ளே நுழைந்ததும் காவலாளி ஒரு பேரேட்டை நீட்டினார். பெயர், வந்த நேரம் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம்: 'உடன் கொண்டுவந்த சத்தம்'.

"என்ன எழுதணும்?" என்றேன்.

"செருப்பு சத்தம் போடுதே, அதை எழுதுங்க. இருமல் உண்டா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போகும்போது இருமினா, அது எங்க ஆபீஸ்ல இருந்து எடுத்துட்டுப் போனதா ஆயிடும்."

அன்று முழுவதும் எனக்குத் தொண்டை அரித்தது. அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துதான் இருமினேன்.

ஒலிப்பதிவுக் கூடம் அருமையான கூடம். பதினோரு வருஷமாக யாரும் பயன்படுத்தாததால் எல்லாம் புதிதாக இருந்தது. கூடத்துக்கு விதி ஒன்றுதான்: பதிவு அங்கேதான் நடக்க வேண்டும், அந்த இயந்திரத்தில்தான் இருக்க வேண்டும், ஒரு நறுக்குக்கூட வெளியே போகக் கூடாது. மனைவி ஒரே மூச்சில் கதையைப் படித்தாள். பன்னிரண்டு நிமிஷம். காட்டில் ஒரு கரடிக்குத் தூக்கம் வரவில்லை. மழைச் சத்தம், நெருப்புச் சத்தம், கதவுச் சத்தம் என்று எதையாவது கேட்டு விழித்துக்கொள்கிறது. மற்ற மிருகங்கள் ஒவ்வொரு சத்தமாக அடக்கி அதைத் தூங்க வைக்கின்றன. கடைசியில் கரடி தூங்குகிறது. அது விடும் குறட்டையில் காடே அதிர, குட்டி மிருகங்கள் பயந்து கட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில் கதையில், "அது வெறும் குறட்டைதான்" என்று முடிகிறது. மனைவி அதைப் படித்துவிட்டு, வகுப்பில் நிற்கிற ஞாபகத்தில், "பயப்படாதீங்க, கண்ணுங்களா" என்று இரண்டு சொல் சேர்த்துவிட்டாள்.

எனக்குக் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சினால் பதிவாகிவிடும் என்று வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் என் பங்கைச் செய்தேன். தகரத் தட்டில் அரிசியை உருட்டினால் மழை. மிட்டாய் சுற்றிய கண்ணாடித்தாளைக் காதருகே கசக்கினால் நெருப்பு. தோல் கையுறை இரண்டை உதறினால் பறவை. குறட்டைக்கு மட்டும் கருவி தேவைப்படவில்லை. அதில் எனக்கு இருக்கும் அனுபவத்துக்கு மனைவியே சான்றளிப்பாள்.

நான்காம் நாள் ஒலிச் சரிபார்ப்பு அலுவலர் கூப்பிட்டனுப்பினார். நடுத்தர வயது அம்மா. இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தேன்.

"பாரபட்சம் வரக் கூடாதுல்ல," என்றார். "ஒண்ணைக் கேட்டுட்டா அது பிடிச்சுப் போயிடும். உட்காருங்க. நாற்காலியை இழுக்காம உட்காருங்க. இந்த மழை எங்க பெய்ஞ்சது?"

"கூடத்துலதான் மேடம்."

"கூரை ஒழுகுதா?"

"இல்ல மேடம். அது அரிசி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க குழந்தைங்ககிட்ட அரிசியை மழைன்னு சொல்றீங்க."

"கேட்கும்போது மழை மாதிரி இருக்கும் மேடம். நிஜ மழையைப் பதிவு பண்ணினா அது மழை மாதிரி இருக்காது."

"நிஜ மழை மழை மாதிரி இருக்காது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "வேற ஏதாவது ஒத்துக்கணுமா?"

நெருப்பு மிட்டாய்த்தாள் என்பதையும், பறவை கையுறை என்பதையும் ஒத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில், நான் அந்தப் பறவையைக் கொன்று கையுறை தைத்ததுபோல் இருந்தது. எல்லா ஒலிக்கும் மூலச் சான்றிதழ் வேண்டும் என்றார். மழை என்றால் மழை; பெய்த இடம், தேதி, பார்த்த சாட்சி.

இத்தனை சந்தேகம் எதற்கு என்று பிறகு தெரிந்தது. முதல் ஒலிநூலை வெளியிடுவதற்கு முன் போட்டுக் கேட்டபோது, தலைவரின் முன்னுரை முடிந்த மறு நொடியில் கதையில் ஒரு கழுதை கத்தியிருக்கிறது. விசாரணை பதினோரு மாதம் நடந்தது. 'கழுதைக்கு உள்நோக்கம் இருந்ததாக நிரூபிக்க இயலவில்லை. இல்லை என்றும் சொல்வதற்கில்லை' என்று அறிக்கை வந்தது. அன்றிலிருந்து வாரியம் எந்தச் சத்தத்தையும் நம்புவதில்லை.

மழைக்காக ஐந்து நாள் காத்திருந்தோம். பெய்ததும் வாரியச் செயலாளர் சாட்சியாகக் குடையோடு வந்தார். குடையில் விழுந்த மழைக்குத் தனிப் படிவம் என்பதால், குடையை மடக்கி நனையச் சொன்னார்கள். நனைந்தார். நல்ல மனுஷர். தும்மல் வந்தபோது இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ஐவர் குழு கூடியது. தலைவர், செயலாளர், சரிபார்ப்பு அலுவலர், கையெழுத்துப் போடுவதற்கென்றே வந்த இரண்டு உறுப்பினர்கள். அலுவலர்கூட அன்றைக்கு ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். பெயர் சொல்லாமல் ஒலியைப் போட வேண்டும். கேட்டதை ஐவரும் எழுதித்தர வேண்டும். செயலாளரை நனைத்த அசல் மழையைப் போட்டேன். மூன்று பேர் 'எதையோ எண்ணெயில் பொரிக்கிறார்கள்' என்று எழுதினார்கள். நனைந்த செயலாளரும் அதில் ஒருவர். நான்காமவர் 'இயந்திரக் கோளாறு' என்றார். தலைவர் 'கைதட்டல்' என்று எழுதியிருந்தார்.

அசல் நெருப்பைப் போட்டேன். ஐவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'யாரோ காகிதத்தைக் கிழிக்கிறார்கள்' என்று ஐவரும் எழுதினார்கள். எந்தக் கோப்பு என்று அடுத்த இரண்டு நாள் அலமாரிகளைச் சோதித்தார்கள்.

அரிசியைப் போட்டேன். ஐவரும் 'மழை.' செயலாளர் ஜன்னலைப் பார்த்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். கனத்த, மூக்கால் வருகிற குரல். கிணற்றுக்குள் கல்லை உருட்டுவதுபோல் இருக்கும். "நாங்க குழந்தைகளை முழுசா நம்புறோம்," என்றார். "அதனாலதான் அவங்க காதுல விழுற எதையும் நம்புறதில்ல. பதினோரு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். ஒரு குழந்தைகூட எங்க மேல புகார் சொன்னதில்ல. ஏன்னா, பதினோரு வருஷமா ஒரு ஒலிநூலைக்கூட நாங்க வெளிய விடல. இந்தத் தரத்தைக் காப்பாத்துறது லேசில்ல."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டாத தலை சந்தேகத்துக்குரியது.

முடிவாக, கோப்பில் அசல் மழையின் சான்றிதழும் ஒலிநூலில் அரிசியும் இருக்கலாம் என்று தீர்மானம் ஆனது. இரண்டில் எது பொய் என்று அதன்பிறகு எனக்கே நிச்சயமில்லை.

மச்சானின் இசைக்கும் ஆட்சேபம் வந்தது. விழாக்களில் கீபோர்டு வாசிக்கிற பையன், குறும்புக்காரன். அவனுடைய தாலாட்டு கடைசியில் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. 'இசை இறங்குமுகமாக இருப்பதன் காரணம் என்ன? நாட்டில் எது இறங்குவதாக இசையமைப்பாளர் கருதுகிறார்?' என்று கேட்டு ஓலை வந்தது.

"மாமா, தாலாட்டு இறங்காம எப்படித் தூங்குறது?" என்றான் மச்சான்.

"அதை எழுதிக் கொடுடா."

"எழுதினா, தூங்கச் சொல்றது யாரைன்னு கேட்பாங்க."

கடைசியில் ஏறுமுகமாகவே வாசித்துக் கொடுத்தான். எங்கள் கரடி இப்போது மாடிப்படி ஏறிக்கொண்டே தூங்கும்.

இதற்குள் எனக்கும் நோய் தொற்றிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் வீட்டில் 'டொக், டொக்' என்று கேட்டது. "யாரது?" என்றேன்.

"குழாய்ப்பா," என்றாள் மகள்.

"எந்தக் குழாய்?"

"நம்ம குழாய்தான்."

"நீ பார்த்தியா?"

மகள் எழுந்துபோய்த் தாயிடம் சொன்னாள். "அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?"

"ஆபீசுக்குப் போய்ட்டு வர்றாருல்ல. கொஞ்ச நாள்ல சரியாயிடும்," என்றாள் மனைவி. அவள் மடியில் வாரியத்தின் விதித் தொகுப்பு இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கையில் சிவப்பு மசிப் பேனா. எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டே படிப்பது அவள் வழக்கம். "சின்ன ஆபரேஷன்தாங்க," என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள். நான் கேட்கவே இல்லை. வாரியத்தில் யார் என்ன சொன்னாலும் நம்பாதவன் ஆகிவிட்டேன். வீட்டில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிவிட முயன்று பார்த்தேன். முடியவில்லை.

பன்னிரண்டாம் தேதி குறட்டைக்கு வந்தார்கள்.

"இந்தக் கரடி யாரு?" என்றார் அலுவலர்.

"நான்தான் மேடம்."

"நீங்க கரடியா?"

"குறட்டை மட்டும் என்னது."

"ஆபீஸ் மாதிரி ஒரு காடு. எல்லாரும் சத்தமில்லாம நடக்குறாங்க. நடுவுல பெரிசா ஒருத்தர் தூங்குறாரு. யாரைச் சொல்றீங்க?"

"கரடியைத்தான் மேடம்."

"அப்ப கரடிகிட்டயே வாங்கிட்டு வாங்க."

மிருகக்காட்சி சாலைக்கு எழுதினேன். பதில் வந்தது: 'எங்கள் கரடி குறட்டை விடுவதில்லை. விட்டால் தெரிவிக்கிறோம்.' அதையும் கோப்பில் சேர்த்தார்கள். குறட்டையை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மௌனத்தை வைக்கும்படி உத்தரவு வந்தது. கதை என்னவோ காடு அதிர்கிறது என்கிறது; காடு மௌனத்தில் அதிர வேண்டியதுதான்.

மௌனத்துக்கும் மூலச் சான்றிதழ் வேண்டும் என்பது அடுத்த நாள் தெரிந்தது. "வெளிய எடுத்த மௌனத்துல என்ன கலந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அலுவலர். ஆகவே பதினேழாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூட்ட அறையில், ஐவர் முன்னிலையில் மூன்று நிமிட மௌனம் பதிவு செய்யப்பட்டது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். காவலாளி நடைபாதையில் நின்று யாரையும் மூச்சுவிடவேண்டாம் என்றார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதல் நிமிஷம் நல்ல மௌனம். இருபது வருஷத்தில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இரண்டாம் நிமிஷத் தொடக்கத்தில் தலைவரின் தலை மெதுவாக முன்னே சாய்ந்தது. பிறகு கிணற்றுக்குள் கல் உருண்டது.

என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், அப்படி ஒரு குறட்டையை யாரும் செய்துகாட்ட முடியாது. ஏறும், விளிம்பில் நின்று யோசிக்கும், சீழ்க்கையாக இறங்கும். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை நடுங்கியது. நான் மற்ற நால்வரையும் பார்த்தேன். நால்வரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். எதிர்ச் சுவரில் தலைவரின் படம் இருந்தது. சட்டென்று மேசையைப் பார்த்தார்கள்.

மூன்று நிமிஷம் முடிந்ததற்கு மணி அடித்தது. தலைவர் விழித்தார். சீட்டுகள் கொடுக்கப்பட்டன. நால்வர் 'மௌனம்' என்று எழுதினார்கள். தலைவர் 'ஆழ்ந்த மௌனம்' என்று எழுதினார்.

"மேடம், பதிவுல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க காதுக்கு இங்க அதிகாரம் இல்ல," என்றார் அலுவலர். அவர் முகம் வெளிறியிருந்தது. "ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாச்சு. அது மௌனம்."

மௌனத்தை அதன் இடத்தில் வைத்தேன். நீளம் சரியாகப் பொருந்தியது.

பத்தொன்பதாம் தேதி வந்த ஓலைதான் எங்களைச் சாய்த்தது. 'பிரதியில் இல்லாத சொற்கள் பேசப்பட்டுள்ளன: பயப்படாதீங்க, கண்ணுங்களா. பயப்பட என்ன இருக்கிறது? பேசுபவர் கேட்பவர்களை ஏற்கெனவே அறிந்தவர்போல் பேசுவது ஏன்? குரலை வெட்ட விதியில் இடமில்லை. கதை முழுவதும் இருபத்தைந்தாம் தேதி மறுபடி வாசிக்கப்பட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் இருபதாம் தேதி கூட்டத்தில் தெரிவிக்கலாம்.'

இருபத்தைந்தாம் தேதி அவள் தொண்டையில் கட்டுப் போட்டிருக்கும்.

"நான் போய்க் கெஞ்சுறேன்," என்றேன்.

"கெஞ்ச வேண்டாம். விதி பதினாலைப் படிச்சீங்களா?" புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் மூன்று எழுத்துப்பிழைகள் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தன. "பிழையை விட்டுட்டு விஷயத்தைப் படிங்க."

படித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தாள். முதல் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற நிதானத்தோடு, விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். புரிந்தது.

இருபதாம் தேதி மதியம் கூட்டம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அலுவலர் ஓலையைப் படித்து முடித்ததும் தலைவர் என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா நல்லாதான் படிச்சிருக்காங்க. அதுதான் பிரச்சினையே. குரல்ல பாசம் இருக்கு. பாசம் எதுக்கு வருதுன்னு நமக்குத் தெரியாதே. எல்லா நூலுக்கும் முன்னால வர்ற என் முன்னுரையை எடுத்துக்கங்க. ஒன்பது நிமிஷம். எங்கயாவது பாசம் இருக்கா?"

"இல்லீங்க சார்," என்றேன்.

"அது பயிற்சி."

"சார், மறுபடி வாசிக்கணும்னா வாசிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாப் போட்டுக் கேட்டுட்டா நல்லதுன்னு பட்டுது."

அவருக்குத் தன் முன்னுரை கேட்பதில் ஆட்சேபமில்லை. போட்டேன். ஒன்பது நிமிஷம் முன்னுரை போயிற்று. பிறகு என் மனைவியின் குரல் அந்த அறைக்குள் வந்தது. அரிசி பெய்தது. மிட்டாய்த்தாள் எரிந்தது. தாலாட்டு படியேறிப் போய்ச் சேர்ந்தது. கரடி கண்ணை மூடியது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை.

பிறகு மௌனம் தொடங்கியது.

செயலாளர் விதித் தொகுப்பைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். உறுப்பினர்கள் இருவரும் ஒரே சமயத்தில் பேனாவைக் கீழே போட்டுவிட்டுத் தேடினார்கள். தலைவர் மட்டும் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கரடி பிரமாதமா இருக்கே. எங்க பிடிச்சீங்க?"

"அது மௌனம் சார்," என்றார் அலுவலர் மெல்ல.

"மௌனமா?"

"நம்ம ஐந்து பேர் முன்னால எடுத்தது சார்."

தலைவர் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டார். "நல்ல மௌனம்," என்றார். "நம்ம ஆபீஸோட மௌனம்னா சும்மாவா."

நான் விதித் தொகுப்பைப் பிரித்தேன். மேடையில் நான்தான் பேச வேண்டும் என்று யாரும் இதுவரை என்னைத் தள்ளியதில்லை. "மேடம், ஒரு சந்தேகம். விதி பதினாலுல, குரலை மாத்தினா அந்த நூல்ல இருக்கிற எல்லா ஒலியும் திரும்பச் சோதனைக்கு வரணும்னு போட்டிருக்கு. அந்தந்த ஒலிக்குக் கையெழுத்துப் போட்டவங்க திரும்பக் கேட்டு, என்ன கேட்டுச்சுன்னு திரும்ப எழுதி, வித்தியாசம் இருந்தா விசாரணைன்னு இருக்கு. அப்ப மௌனத்தையும் திரும்பக் கேட்டு எழுதணுமா?"

அலுவலர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் கண்ணில் சந்தேகம் இல்லை, நிச்சயம் இருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போது பதிவில் குறட்டை ஒரு சீழ்க்கையோடு ஓய, என் மனைவியின் குரல் சொன்னது: "அது வெறும் குறட்டைதான். பயப்படாதீங்க, கண்ணுங்களா."

அறையில் நால்வர் ஒன்றாக மூச்சுவிட்டார்கள்.

"சார்," என்றார் அலுவலர், தலைவரிடம். "அந்த ரெண்டு சொல் இருக்கட்டும்னு நினைக்கிறேன். மௌனத்துக்கு அப்புறம் யாராவது ஏதாவது சொல்லித்தான் ஆகணும்."

"ஆட்சேபம் இல்லை," என்றார் செயலாளர், தலைகீழ்ப் புத்தகத்திலிருந்து நிமிராமல். உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. முதலில் காற்று மட்டும் வந்தது. மூன்று வாரம் கழித்துக் குரல் என்று ஒன்று வந்தது. மெலிசாக, உப்புத்தாளில் தேய்த்ததுபோல். மகள் அதை உட்கார்ந்து கவனமாகக் கேட்டுவிட்டு, "பரவால்லம்மா, ரகசியம் பேச வசதியா இருக்கு," என்றாள்.

பெட்டி பேசும் நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மனைவி கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். வாரியத்தின் பார்வையாளராக வந்த சரிபார்ப்பு அலுவலர் எனக்கு அந்தப் பக்கம், மடியில் படிவத்தோடு. பதினோரு வருஷத்தில் இவர் ஒரு குழந்தையை அருகில் பார்ப்பது இதுதான் முதல் தடவையோ என்று நான் சந்தேகப்பட்டேன். இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது.

பெட்டி கரகரத்தது. குருவி வெளியே பறந்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து, வீட்டுக்காரன் வந்துவிட்டானா என்று பார்த்தது. தலைவரின் முன்னுரை ஒன்பது நிமிஷம். பிள்ளைகள் நெளிந்தார்கள், கிள்ளிக்கொண்டார்கள், ஒருவன் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான்.

பிறகு டீச்சரின் குரல் வந்தது. பெஞ்சுக்கு அடியில் போனவன் வெளியே வந்தான்.

மழை பெய்தபோது இரண்டு பேர் ஜன்னலைப் பார்த்தார்கள். கரடி தூங்கியபோது வகுப்பு அசையவில்லை. குறட்டை தொடங்கியதும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"முதல்ல பேசினாருல்ல, அந்த மாமாதான் கரடி."

"ஆமா, அவரேதான்," என்றது வகுப்பு. ஐவர் குழு சீட்டில் எழுதாததை நாற்பது பேரும் கைதூக்கிச் சொன்னார்கள். என் மகள் திரும்பி என்னைப் பார்த்து, உன்னுது இல்லப்பா, இது நிஜக் கரடி என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினாள். இருபது வருஷ உழைப்பு அந்த ஒரு உதட்டில் போயிற்று.

அலுவலர் குனிந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு இல்லை. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. இரண்டு உருண்டையும் மடியில் இருந்தன.

குறட்டை ஓய்ந்தது. "பயப்படாதீங்க, கண்ணுங்களா," என்றது பெட்டி.

"சரிங்க டீச்சர்," என்றார்கள் எல்லாரும், பெட்டியைப் பார்த்து, தினமும் சொல்கிற ராகத்தில்.

மனைவியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை முடிந்ததும் அலுவலர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, படிவத்தை நிரப்பி எங்கள் பக்கம் நகர்த்தினார். 'பிரதியில் இல்லாத ஒலி: சரிங்க டீச்சர். குரல்கள்: நாற்பது. மூலம்:' என்று இருந்தது. மூலம் காலியாக இருந்தது. நான் பேனாவைத் தேடினேன். அதற்குள் மனைவி தன் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டாள்.

மூலத்துக்கு நேராக எதுவும் எழுதவில்லை. மேலே இருந்த 'நாற்பது' என்பதை அடித்தாள். எட்டு வருஷமாகத் தினமும் வகுப்பின் குரல்களைக் கேட்கிறவள்; ஒன்று கூடினால் அவளுக்குத் தெரியும். 'நாற்பத்தொன்று' என்று எழுதி, எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அலுவலர் திருத்தத்தைப் பார்த்தார். பஞ்சு உருண்டைகளைக் கைப்பையில் போட்டு மூடினார். பிறகு அடியில் கையெழுத்துப் போட்டார்.